வரப்பில் ஆசிரியர் பயிற்சி: பள்ளியும் ஊரும் சேர்ந்தால் கண்மாய் பிழைக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய், ஏரி, குளம் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் இருக்கின்றன. கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பக்கத்துக்கு ஓரளவு காவிரித் தண்ணீர் வந்து சேர்கிறது. மற்ற ஊர்களுக்கு மழைதான் கதி. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் நெல்லும் உளுந்தும் கடலையும் கரை சேரும்.

இந்த ஊர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நீர்ச் சுழற்சியைக் கேட்டால் படம் வரைந்து பாகம் குறித்துக் காட்டும். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரத்து வாய்க்கால் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எத்தனை மடை, கலிங்கு எங்கே, மிகுந்த தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஆசிரியரையும் குறை சொல்ல முடியாது. அவர் வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து போகிறவராக இருக்கலாம். அவருக்குக் கிடைத்த சுற்றுச்சூழல் பயிற்சி நகரத்து அரங்கில், படக்காட்சியோடு முடிந்திருக்கலாம். அந்த ஊர்க் கண்மாயை அவருக்குக் காட்டியவர் யாரும் இல்லை.

காட்ட வேண்டியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். மடை திறந்து பழகிய நீர்ப்பாய்ச்சி, கரையில் ஆடு மேய்ப்பவர், நாற்று நடும் பெண்கள், கிணறு தூர்வாரிய கைகள். இவர்களும் ஆசிரியரும் வரப்பில் சந்திக்கும்போதுதான் சுற்றுச்சூழல் கல்வி ஊருக்குப் பயன்படும்.

சட்டமும் திட்டமும் இருக்கின்றன

சுற்றுச்சூழல் பாடம் பள்ளிக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1977-ல் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் டிபிலிசி நகரில் யுனெஸ்கோ நடத்திய மாநாடு, சுற்றுச்சூழலைத் தனிப் பாடமாக அடைத்து வைக்காமல் எல்லாப் பாடத்திலும் கலந்து, உள்ளூர்ப் பிரச்சினைகளை வைத்துக் கற்பிக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. இந்தியாவில் 1991-ல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், கல்வியின் எல்லா நிலையிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயமாகக் கற்பிக்க வழி செய்யுமாறு உத்தரவிட்டது.

2001-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படைத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம், அதற்கு ஒரு பொறுப்பாசிரியர், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் நிதி என்பது அதன் அமைப்பு. பொறுப்பாசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருக்கிறது. சென்னையில் 1989-ல் தொடங்கப்பட்ட சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் போன்ற நிறுவனங்கள் முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கின. அவர்கள் மாவட்டங்களில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.

சங்கிலி போன்ற இந்தப் பயிற்சி முறைக்கு ஒரு பலம் உண்டு. குறைந்த காலத்தில் நிறையப் பேரை எட்டும். பலவீனமும் உண்டு. மேலிருந்து கீழே வர வர உள்ளூர் விவரம் கரைந்து, ஞெகிழி ஒழிப்பு, மரக்கன்று நடுதல், ஓசோன் தினப் பேச்சுப் போட்டி என எல்லா ஊருக்கும் பொதுவானவை மட்டும் மிஞ்சும். திருவரங்குளத்துப் பள்ளிக்கும் சென்னைப் பள்ளிக்கும் ஒரே பாடம். ஜூன் 5-ல் நட்ட கன்று ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும். தண்ணீர் ஊற்றவும் வேலி கட்டவும் ஊரில் யாரோடும் பேசி வைக்காததுதான் காரணம்.

அறிவொளி காட்டிய வழி

ஊரும் கற்பிப்பவரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புதுக்கோட்டை வேறெங்கும் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஆசிரியர்களும் ஊர் இளைஞர்களும் கைகோத்தார்கள். 1992 ஆகஸ்டில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது.

கற்பித்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பள்ளி முடித்த பெண்கள், கல்லூரி மாணவர்கள், விவசாயக் குடும்பத்து இளைஞர்கள். முதலில் முதன்மைக் கருத்தாளர்கள், அடுத்துக் கருத்தாளர்கள், பிறகு தொண்டர்கள் எனப் பயிற்சிச் சங்கிலி இங்கேயும் இருந்தது. ஆனால் தொண்டர் அந்தத் தெருவைச் சேர்ந்தவர். படிக்க வருகிறவரின் வேலை, கடன், கூலி, தண்ணீர்ச் சிரமம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு முறை பயிற்சி தந்ததோடு விடாமல் அடிக்கடி கூடிப் பேசிச் சிக்கல்களைத் தீர்த்துக்கொண்டார்கள்.

பாடமும் எழுத்தோடு நிற்கவில்லை. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். கணக்குப் படித்தவர் தம் கூலிக் கணக்கைத் தாமே பார்த்தார். ஊரின் கல்லும் மண்ணும் யாருக்கு எப்படிப் பயன்பட வேண்டும் என்று பேசத் தொடங்கிய அந்த வகுப்புகளைச் சுற்றுச்சூழல் கல்வி என்றும் சொல்லலாம்.

அறிவொளியிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று பாடங்கள் உண்டு. கற்பிப்பவர் ஊரை அறிந்திருக்க வேண்டும். பயிற்சி ஒரே நாளில் முடியாமல் தொடர வேண்டும். படித்தது வாழ்க்கையில் ஒரு காரியத்தை மாற்ற வேண்டும். தொடர்ச்சி இல்லாவிட்டால் கற்றது மறந்துபோகும் என்பதால்தான் அந்த இயக்கத்துக்கும் பின்னாளில் தொடர்கல்வி தேவைப்பட்டது.

விவசாயிக்குத் தெரிந்த பள்ளி ஒன்று

ஆசிரியர் பயிற்சிக்கு இன்னொரு மாதிரி வேளாண் துறையில் இருக்கிறது. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் தாக்கி அழித்ததைத் தொடர்ந்து, 1989-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து முப்பது விவசாயிகள் பருவம் முழுவதும் வாரம் ஒரு முறை ஒரே வயலில் கூடுவார்கள். பயிரைப் பார்த்து, நன்மை செய்யும் பூச்சியையும் தீமை செய்யும் பூச்சியையும் எண்ணி, கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, மருந்து தேவையா என்று தாங்களே முடிவு செய்வார்கள். பயிற்றுநர் விடை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பார். தமிழ்நாட்டில் அட்மா திட்டத்தில் நடக்கும் பண்ணைப் பள்ளிகளுக்குப் போய் வந்த விவசாயிகள் இந்த முறையை அறிவார்கள்.

இதே முறையை ஆசிரியருக்கும் வைக்கலாம். ஓர் ஒன்றியத்தில் பத்துப் பதினைந்து பள்ளிகளின் பொறுப்பாசிரியர்கள், ஜூன் முதல் மார்ச் வரை மாதம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு ஊரின் கண்மாயிலோ வயலிலோ கூடுவது. அந்த ஊர் விவசாயிகள் இருவரோ மூவரோ அன்றைக்குக் கருத்தாளர்கள். சென்ற மாதம் கற்றதைப் பள்ளியில் செய்து பார்த்ததில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முதல் அரை மணி நேரம் பேசுவது. பிறகு களத்தில் இறங்குவது. பயிற்சிக்கு வர ஆசிரியருக்குக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும். அதை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் வழியாகத் திட்டமிட்டால் முறையாக அமையும்.

களத்தில் கற்க வேண்டிய நான்கு பாடங்கள்

முதல் பாடம் மழை. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள தகரக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு ஸ்கேலால் அளந்தால் முந்தைய 24 மணி நேர மழை கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, பண்ணைக் குட்டை ஏன் வெட்டவில்லை என்று கேட்கும்.

இரண்டாம் பாடம் கண்மாய். நீர்ப்பிடிப்புப் பகுதியில் தொடங்கி வரத்து வாய்க்கால், கரை, மடை, கலிங்கு, ஆயக்கட்டு வரை ஆசிரியர்கள் விவசாயிகளோடு ஒரு முறை நடக்க வேண்டும். எங்கே வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எங்கே கரை மெலிந்திருக்கிறது என்று குறித்து ஒரு கை வரைபடம் போட வேண்டும். இந்த மாவட்டத்துக் கண்மாய்கள் பலவற்றில் பழைய குமிழித் தூம்புகள் உண்டு. இரண்டு கல்தூண், இடையே குறுக்குக் கல், கீழே துளையிட்ட கல் பெட்டி. மேல் துளையில் நீர் போகும். அடியில் உள்ள சேறோடித் துளை வண்டலை வெளியேற்றும். தூணில் கல்வெட்டும் இருக்கக் காணலாம். அறிவியல், வரலாறு, தமிழ் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பாடம் இருக்கிறது. மறையூர், கீழூர், மேலூர் என்று எந்த ஊர்க் கண்மாய் நிரம்பி எந்த ஊருக்குத் தண்ணீர் விடும் என்ற வரிசையைப் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு அது போய்விடும்.

மூன்றாம் பாடம் மண். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் படியும், அடுத்து வண்டல், கடைசியில் களி. செம்மண் நிலத்தில் தண்ணீர் ஏன் நிற்பதில்லை, கண்மாய் வண்டலைக் கொட்டினால் ஏன் பலன் தருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மண் மாதிரி எடுப்பதையும் ஆசிரியர் கையால் செய்து பார்க்க வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி எடுத்து, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேர்க்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகில் எடுக்கக் கூடாது. நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மண் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்ல ஊரில் ஓர் ஆசிரியர் இருந்தால், அந்த அட்டை பெட்டிக்குள் கிடக்காது.

நான்காம் பாடம் பூச்சி. உளுந்து வயலில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் எப்படி வருகிறது என்பதை வயலில் பார்க்கலாம். பழைய தகரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்து விளக்கெண்ணெய் தடவினால் ஒட்டுப்பொறி தயார். எத்தனை ஈ ஒட்டியது என்று பிள்ளைகள் எண்ணலாம். சிலந்தி, பொறிவண்டு, தட்டான், கும்பிடு பூச்சி ஆகியவை விவசாயியின் கூலியில்லா ஆட்கள் என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது நிற்கும். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தையும் ஆசிரியர் கற்பிக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் அதுவும் நஞ்சுதான். மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. நிறத்தைப் படிக்கக் கற்ற ஒரு பிள்ளை அந்த வீட்டில் ஓர் உயிரைக் காக்கலாம்.

கசப்பான கேள்விகளும் பாடமே

மரம் நடுங்கள், தண்ணீரைச் சேமியுங்கள் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஊரில் சண்டை உள்ள விஷயங்கள் வகுப்புக்கு வரும்போதுதான் ஆசிரியருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

தைல மரத்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த மாவட்டத்தில் பெரும் பரப்பில் தைல மரக் காடுகள் உண்டு. காட்டுக்குள் வெட்டிய குழிகளும் போட்ட வரப்புகளும் மழைநீரை நிறுத்திவிடுவதால் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது விவசாயிகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. மறுபக்கம், காகித ஆலைக்கும் விறகுக்கும் மரம் வேண்டும். வறண்ட நிலத்தில் குறைந்த செலவில் வருமானம் தரும் மரம் என்று தன் நிலத்தில் வளர்க்கும் விவசாயியும் உண்டு. சீமைக்கருவேலமும் அப்படித்தான். கண்மாயை அடைத்துக் கொள்கிறது. ஆனால் அதை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன.

இங்கே ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மாணவர்களைக் கேட்க வைக்க வேண்டும், அளக்க வைக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, எதில் ஓடவில்லை? இருபது ஆண்டுக்கு முன் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் இருந்தது, இப்போது எத்தனை அடியில்? மரம் வளர்ப்பவர் என்ன சொல்கிறார், ஆயக்கட்டுக்காரர் என்ன சொல்கிறார்? எல்லாத் தரப்பையும் எழுதி, ஊர்க் கூட்டத்தில் வைப்பதோடு பள்ளியின் வேலை முடிகிறது. முடிவு ஊருடையது. 1993 முதல் நடந்துவரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர்கள் குழுவாக உள்ளூர்ப் பிரச்சினையை ஆய்வு செய்து அறிக்கை தருவது இந்த முறையில்தான். அதற்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்றுநர்களாக்கலாம்.

கூட்டாளிகள் அருகிலேயே

வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வம்பன் என்ற பெயரில் வரும் உளுந்து ரகங்கள் விளைந்த இடம் அது. குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரியும், வேளாண் அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் ஸ்டாமின் நிலையமும் உள்ளன. வேளாண் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி விவசாயிகளிடம் கற்கும் திட்டம் உண்டு. அவர்கள் தங்கும் ஊரில் பள்ளியோடும் ஒரு மாலை செலவிட்டால் மண், பூச்சி, விதைப் பாடங்களுக்கு ஆசிரியருக்குத் துணை கிடைக்கும்.

கீரனூர் அருகே ஒடுகம்பட்டியில் குடும்பம் அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. நம்மாழ்வார் பங்கெடுத்து உருவான இந்தப் பண்ணை, வறண்ட நிலத்தை இயற்கை முறையில் திருத்திக் காட்டிய பயிற்சிக்களம். கீரமங்கலம் அருகே சேந்தன்குடியில் தம் நிலத்தையே காடாக்கியவர் மரம் தங்கசாமி. 2018-ல் மறையும்வரை போன இடமெல்லாம் மரம் பற்றியே பேசியவர். பெரிய பட்டம் ஏதும் இல்லாத ஒரு விவசாயியிடம் படித்தவர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல் இந்த மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. அதன்பின் கீரமங்கலம், கொத்தமங்கலம் வட்டாரத்து இளைஞர்கள் நன்கொடை திரட்டித் தாங்களே குளங்களைத் தூர்வாரினார்கள். எந்தக் குளத்துக்கு எங்கிருந்து வரத்து என்று அவர்கள் பெரியவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அறிவு பள்ளியிலேயே கைமாறியிருந்தால் புயல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஓராண்டுக்கு ஒரு திட்டம்

ஜூன்: ஆசிரியர்களும் விவசாயிகளும் முதல் கூட்டம். மழைமானி வைத்தல். ஊர்க் கிணறு ஒன்றைத் தேர்ந்து, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றால் நீர்மட்டம் அளந்து பள்ளிச் சுவரில் எழுதத் தொடங்குதல்.

ஜூலை, ஆகஸ்டு: மண் பாடம். வரத்து வாய்க்கால் நடை. அடைப்புகளைக் குறித்து ஆகஸ்டு 15 கிராம சபையில் வைத்தல்.

செப்டம்பர், அக்டோபர்: மழைக்கு முன் கரையில் பனை விதை ஊன்றுதல். எந்தக் கன்றை எந்தக் குடும்பம் காக்கும் என்று பெயர் எழுதிய பிறகே கன்று நடுதல். வேம்பு, புங்கன், இலுப்பை இந்த மண்ணுக்கு ஏற்றவை.

நவம்பர், டிசம்பர்: மழை அளவும் கண்மாய் நீர்மட்டமும். பிள்ளைகள் தண்ணீர் அருகே போகும் நாளில் நீச்சல் தெரிந்த பெரியவர் இருவராவது உடன் இருக்க வேண்டும். நிரம்பிய கண்மாயில் கரையைத் தாண்டி இறங்க விடக் கூடாது.

ஜனவரி, பிப்ரவரி: உளுந்து, நெல் வயலில் பூச்சிப் பாடம். மருந்து அடித்த வயலுக்குள் பிள்ளைகளை அழைத்துப் போகக் கூடாது.

மார்ச்: ஆண்டுக் கணக்கைத் தொகுத்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் பிள்ளைகளே வாசித்தல்.

ஊர்களில் கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை படிக்கத்தான் பள்ளிக்குப் போகிறது. வயலில் அலைந்தால் மதிப்பெண் குறையாதா?

மாதத்துக்கு ஒரு நாள்தான் களம். மழைக் கணக்கில் பரப்பளவும் கன அளவும் வருகின்றன. பாட்டில் மண்ணில் அறிவியல் வருகிறது. பெரியவர்களிடம் பேட்டி எடுத்து எழுதுவதில் தமிழ் வருகிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே போகாமலே இதைச் செய்யலாம். எந்தப் பாடத்தில் எந்தக் களப்பணி பொருந்தும் என்று ஆசிரியர்கள் கூடி அட்டவணை போடுவதே பயிற்சியின் முக்கியப் பகுதி.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆசிரியருக்கு என்ன சொல்லித்தர முடியும்?

எந்த வாய்க்காலில் முதலில் தண்ணீர் வரும், எந்தக் காற்றுக்கு மழை வரும், எந்த மண்ணில் எது விளையும் என்பது அவருக்குத் தெரியும். அதை எழுத்திலும் கணக்கிலும் கொண்டுவருவது ஆசிரியருக்குத் தெரியும். அவருக்கு ஒரு நாற்காலியும் 'ஐயா, அம்மா' என்ற மரியாதையும் முன்கூட்டி அழைப்பும் தர வேண்டும். கூலி வேலையை விட்டு வருபவருக்கு அன்றைய கூலிக்கும் ஏற்பாடு செய்வது நியாயம்.

பள்ளி எங்களைக் கூப்பிடுவதே இல்லை. நாங்களாக எப்படிப் போவது?

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தில், 'எங்கள் ஊர்க் கண்மாயை ஆசிரியர்களுக்குக் காட்டத் தயாராக இருக்கிறோம், ஒரு நாள் குறியுங்கள்' என்று தீர்மானம் போடலாம். பாசனச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ எழுத்து மூலம் பள்ளிக்குக் கடிதம் தரலாம்.

நல்ல ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடுமே?

நிற்காமலிருக்க ஒரு பதிவேடு வேண்டும். மழை, கிணற்று நீர்மட்டம், கண்மாய் வரைபடம், கருத்தாளராக வந்த விவசாயிகளின் பெயர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளியிலும் மறு பிரதியைப் பஞ்சாயத்திலும் வைக்க வேண்டும். புதிதாக வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்மாயைச் சுற்றிக் காட்டுவதை வழக்கமாக்கினால், மாற்றல் உத்தரவால் பாடம் அறுந்துபோகாது.

செலவுக்கு எங்கே போவது?

தகரக் குவளை, கயிறு, பழைய பாட்டில், நோட்டு, மஞ்சள் வண்ணம். இவ்வளவுதான் சாமான்கள். தேசிய பசுமைப் படை உள்ள பள்ளியில் மன்ற நிதியே போதும். இல்லாத பள்ளியில் ஊரார் சில நூறு ரூபாய் போட்டால் ஓராண்டு ஓடும். அதிகம் தேவைப்படுவது நேரம்தான்.

மழை தொடங்கக் காத்திருக்க வேண்டாம். வரத்து வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதுதான் அடைப்பு எங்கே என்று நன்றாகத் தெரியும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு மடை பார்க்கத் தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துப் போகலாம்.